அத்தை கேட்ட வெத்தலைத் தட்டு

எங்க அத்தை இருந்த வரைக்கும் யாரும் நிம்மதியா நோவுல படுக்க முடியாது. காய்ச்சல்னு வாய் தவறிச் சொல்லிட்டோம்னா போச்சு. லூனாஸ்லேர்ந்து ஜித்ராவுல இருக்கற எங்க வீட்டுக்குக் கிளம்பி வந்து, செருப்பக் கழட்டுறதுக்கு முன்னாடியே நெத்தியில கைய வெச்சு, "இதெல்லாம் ஒரு காய்ச்சலா?"ன்னு ஒரு அதட்டல். அப்புறம் நேரா அடுப்பங்கரை. உப்பு டின்னு மேல போகும், சீனி டின்னு கீழ வரும், எல்லாம் அவங்க கைக்கு வசதியா மாறிடும். நாம தேறி எழுந்திருச்சு ஆசையா ஒரு டீ கலக்கினா, அதுல உப்புதான் இருக்கும்.

அப்பாவுக்கு ஒரே தங்கச்சி. மலேசியாவுல, கெடா மாநிலத்துல, லூனாஸ் பக்கத்து எஸ்டேட்ல பொறந்து, கூலிம் பக்கம் ஒரு ஃபேக்டரி கேண்டீன்ல சமைச்சு, லூனாஸ்ல சின்னதா ஒரு வீடு வாங்கித் தனியா இருந்தாங்க. கல்யாணம் பண்ணிக்கல. ஏன்னு கேட்டா, "எனக்கு எங்க லா நேரம்? உங்கள மேய்க்கவே பொழுது பத்தல"ம்பாங்க. சும்மா சொல்லக்கூடாது, நிஜமாவே நேரம் இல்லதான். பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மாவுக்கு முட்டி வலின்னா அவங்க, கோயில் குருக்களுக்குப் பல்லு வீங்கினா அவங்க, கேண்டீன்ல கூட வேலை செஞ்ச பொண்ணு பிரசவம்னா அதுக்கும் அவங்க. உதவி வேணும்னு நாம கேட்க வேண்டியதில்ல. வேண்டாம்னு சொன்னாலும் கேட்க மாட்டாங்க.

அவங்களுக்கு ஒரு கூட்டாளி உண்டு. எஸ்டேட் வாசல்ல கடை வெச்சிருந்தவங்களோட மக, சீனப் பொம்பள. நாங்க எல்லாம் சீனக்கான்னு கூப்புடுவோம். கண்ண மூடிக்கிட்டு அவங்க பேசறதக் கேட்டா அசல் தமிழச்சின்னுதான் நெனப்பீங்க. திட்டுறதுல எங்களயெல்லாம் தூக்கிச் சாப்புட்டுடுவாங்க. அத்தைக்கு காடி, அதான் காரு, ஓட்டத் தெரியாது, சீனக்காவுக்குச் சமைக்கத் தெரியாது. ரெண்டு பேரும் சேந்து ஊரையே ஒரு வழி பண்ணினாங்க. சீனக்காகிட்ட ஒரே ஒரு குறை, எந்த ரகசியமும் அவங்க வயித்துல தங்காது.

இப்படிப்பட்ட அத்தைக்கும் எங்க அப்பாவுக்கும் நடுவுல வருஷக்கணக்கா பேச்சுவார்த்தை இல்லாமப் போச்சு. காரணம் என் கல்யாணம். பாவம், நான் ஒண்ணும் செய்யல, கல்யாணம் மட்டும்தான் பண்ணிக்கிட்டேன்.

எங்க பக்கம் ஒரு வழக்கம் இருக்கு. வீட்டுல நல்ல காரியம்னா, கூடப் பொறந்தவளுக்குத்தான் முதல் தட்டு. வெத்தலை, பாக்கு, பழம், ஒரு சேலை, மேல பத்திரிகை. அண்ணன் நேர்ல போயி, தட்டக் கையில குடுத்து, "நீ வந்து முன்ன நின்னு நடத்திக் குடும்மா"ன்னு சொல்லணும். அப்பாவுக்கு இது தெரியாததில்ல. ஞாயித்துக்கிழமை போகலாம்னு தட்டெல்லாம்கூட எடுத்து வெச்சாச்சு. அந்த நேரம் பாத்து எவனோ ஒரு புண்ணியவான், போன்ல பத்திரிகை அனுப்புற வித்தைய அப்பாவுக்குக் கத்துக் குடுத்துட்டான். அப்பா ஒரே அமுக்கா அமுக்கிட்டாரு. அவரு போன்ல இருந்த அத்தனை பேருக்கும் பறந்துச்சு. அத்தைக்கும் எங்க வீட்டு பைப்பு ரிப்பேர் பண்றவருக்கும் பத்திரிகை ஒண்ணாத்தான் போய்ச் சேந்துச்சு.

கொஞ்ச நேரத்துல அத்தைகிட்டேயிருந்து ஒரு கட்டை விரல் பொம்மை வந்துச்சு. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, அவ ஒண்ணும் தப்பா நெனக்கல"ன்னாரு.

அம்மா அதை எட்டிப் பாத்துட்டு, "அது வாழ்த்து இல்லங்க. சண்டைக்குக் கூப்புடறா"ன்னாங்க.

அம்மா சொன்னா அப்பா என்னைக்குக் கேட்டாரு? கட்டை விரலே வந்தாச்சு, இனி தட்டு எதுக்குன்னு ஞாயித்துக்கிழமை படுத்துத் தூங்கிட்டாரு.

கல்யாணத்துக்கு அத்தை வரல. அதாவது, மண்டபத்துக்குள்ள வரல. நான் கூரைப்புடவையோட கை கழுவப் பின்னாடி போனா, சமையக்கட்டுல, பெரிய அண்டாவுக்கு முன்னாடி, பட்டுப்புடவைய இழுத்துச் சொருகிக்கிட்டு ரசத்துக்குத் தாளிச்சுக்கிட்டு நிக்கறாங்க! "அத்தை!"ன்னு கத்தினேன். என் வாயில ஒரு உருண்டை கேசரிய அடைச்சு, கலைஞ்ச கண்மையத் துடைச்சுவிட்டு, "நான் உன் கல்யாணத்துக்கு வரலம்மா. சமையல்காரரப் பாக்க வந்தேன். அவரு என் கூட்டாளி. நான் இங்க இல்ல, தெரியுதா?"ன்னு சொல்லி வெளிய தள்ளிவிட்டுட்டாங்க.

பந்தியில அப்பா ஒரு வாய் ரசம் சாப்பிட்டாரு. அப்புறம் ரெண்டாவது தடவை ரசம் கேட்டு வாங்கினாரே தவிர, யாரு வெச்ச ரசம்னு மட்டும் கேட்கல. அவருக்குத் தெரிஞ்சு போச்சு. அவருக்குத் தெரியும்னு அத்தைக்கும் தெரியும். ஆனா எவரு முதல்ல வாயத் தொறக்கறாரோ அவரு தோத்தாருன்னு அண்ணனும் தங்கச்சியும் மனசுக்குள்ளேயே ஒரு சட்டம் போட்டுக்கிட்டாங்க. அப்படி ஒரு வீம்பு ரத்தம் எங்க குடும்பத்துல ஓடுது. எனக்கும் அதுல பங்கு உண்டுன்னு என் வீட்டுக்காரரு சொல்லுவாரு, அவருக்கென்ன தெரியும்.

நடுவுல மாட்டிக்கிட்டவ நான். எனக்குக் கொழந்தை பொறந்து ஜித்ராவுல அம்மா வீட்டுல படுத்திருந்தப்ப, பால் சுரக்கணும்னு அத்தை தஞ்சோங் டாவாய் வரைக்கும் போயி, மீன்காரங்ககிட்ட சண்டை போட்டுச் சுறாக் கருவாடு வாங்கி, புட்டா செஞ்சு சீனக்காகிட்ட குடுத்து அனுப்பினாங்க. அத்தை காடியிலேயே உக்காந்திருந்தாங்க, கேட்டுக்கு வெளிய. உள்ள அப்பா அந்தப் புட்டுல பாதியத் தின்னு தீத்துட்டாரு. "எந்தக் கடையில வாங்கினது?"ன்னு கேட்டாரு.

"லூனாஸ் கடைப்பா."

"பரவால்ல. கைப்பக்குவம் இருக்கு"ன்னு ஏப்பம் விட்டாரு. பால் சுரக்க வேண்டியது எனக்கு, தின்னது அவரு.

இப்படியே போய்க்கிட்டு இருந்தப்ப அப்பாவுக்கு அறுபது முடிஞ்சுது. அரசாங்க ஆபீஸ் வேலை, அறுபதுல ஓய்வு. மலாய்ல அதுக்கு பெஞ்சென்னு சொல்லுவோம். ஆபீஸ்ல மாலை போட்டு, கேக் வெட்டி, பாட்டுப் பாடி அனுப்பி வெச்சாங்க. நான் சந்தோஷத்துல அத்தைக்குப் போன் அடிச்சேன். அத்தை அப்ப பசார்ல மீன் வாங்கிக்கிட்டு இருந்தாங்க. பின்னாடி ஒரே இரைச்சல்.

"அத்தை, அப்பா பெஞ்சென் ஆயிட்டாரு!"

"என்னது? எங்க?"

"ஆபீஸ்லதான், காலையில, எல்லாரு முன்னாடியும்!"

"ஐயோ ஆத்தா! இப்ப எப்படி இருக்காரு?"

"சோஃபாவுல சாஞ்சிருக்காரு. கொஞ்சம் அழுதாரு."

"வாய் கோணிச்சா?"

அழுதப்பதான் கேட்கறாங்கன்னு நெனச்சு, "ஆமா, லேசா"ன்னேன். போன் கட்டாயிடுச்சு.

எனக்கு என்ன தெரியும்? அந்த இரைச்சல்ல அத்தை காதுல விழுந்தது பெஞ்சென் இல்ல, பெங்சான். மலாய்ல பெங்சான்னா மயக்கம் போட்டு விழறது. அண்ணன் ஆபீஸ்ல எல்லாரு முன்னாடியும் மயங்கி விழுந்து, வாய் கோணி, அழுதுக்கிட்டு சோஃபாவுல கெடக்கறாருன்னு நெனச்சு, அத்தை வாங்கின மீன அங்கேயே விட்டுட்டு ஓடியிருக்காங்க.

அன்னிக்கு சீனக்கா காடிய எப்படி ஓட்டினாங்களோ, சாப்பாட்டு நேரத்துக்கே ஜித்ராவுக்கு வந்துட்டாங்க. அத்தை கையில தூக்குச்சட்டி நிறைய ரசம், நல்லெண்ணெய் பாட்டில், தைலம், ஒரு கம்பளி. அத்தனை வருஷமா மிதிக்காத வாசப்படிய ஒரே தாவா தாண்டி உள்ள வந்தாங்க.

உள்ள அப்பா பூப்போட்ட பாத்தேக் சட்டையில, கழுத்துல மாலையோட, மடியில கேக் தட்டோட உக்காந்திருக்காரு. தலைக்கு மேல ஆபீஸ்லேர்ந்து கொண்டு வந்த பேனர், ஓய்வு பெற்றதுக்கு வாழ்த்துன்னு கொட்டை எழுத்துல மலாய்ல எழுதினது. அத்தை பேனரப் பாத்தாங்க. கேக்கப் பாத்தாங்க. அண்ணனப் பாத்தாங்க. புரிஞ்சு போச்சுன்னு அவங்க மூஞ்சியிலேயே தெரிஞ்சுது. நான் விளக்கம் சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். என்ன ஒரு மொறை மொறைச்சாங்க பாருங்க, தொறந்த வாய் தானா மூடிக்கிச்சு.

அப்புறம் அம்மா பக்கம் திரும்பி, "அண்ணி, அவரப் படுக்கச் சொல்லுங்க"ன்னாங்க.

அப்பா கேக்கு வாயோட முழிக்கறாரு. எனக்கு ஒண்ணுமில்லன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. ஆனா சொன்னா, முதல்ல பேசினது அவருன்னு ஆயிடுமே! அம்மாவப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. கேக் தட்ட மெதுவா கீழ வெச்சாரு. மாலையக் கழட்டினாரு. படுத்துட்டாரு.

எங்க வீட்டுல அன்னிக்கு நடந்த கூத்த நெனச்சா இப்பவும் எனக்கு வயிறு வலிக்கும். கல்லு மாதிரி நல்லா இருக்கற மனுஷனுக்குத் தலை நிறைய எண்ணெய், நெத்தியில தைலம், மூக்குல தைலம், அந்த வேகாத வெயில்ல கழுத்து வரைக்கும் கம்பளி. "அண்ணி, வாயத் தொறக்கச் சொல்லுங்க." அப்பா தொறப்பாரு. ஒரு கரண்டி ரசம் உள்ள போகும். "அண்ணி, முழுங்கச் சொல்லுங்க." முழுங்குவாரு. அம்மா முந்தானைய வாயில வெச்சு அழுத்திக்கிட்டு நிக்கறாங்க. இதுக்கு நடுவுல ஆபீஸ்லேர்ந்து ஒரு மலாய்க்காரரு, அப்பா மறந்துட்டு வந்த அன்பளிப்பக் குடுக்க வந்தாரு. எண்ணெய் வழிய கம்பளிக்குள்ள கெடந்த அப்பாவப் பாத்து அரண்டு போயி, என்னாச்சுன்னு கேட்டாரு. அத்தை கூசாம, "பெங்சான்"னாங்க. சாயந்தரத்துக்குள்ள மொத்த ஆபீஸும் ஆரஞ்சுப் பழத்தோட வந்து நின்னுச்சு. அவங்க முன்னாடியும் அப்பா வாயத் தொறக்கல, கண்ண மூடி லேசா முனகினாரு. நடிப்புன்னா அப்படி ஒரு நடிப்பு.

கெளம்பற நேரத்துலதான் நான் கவனிச்சேன். அத்தை காலித் தூக்குச்சட்டிய எடுத்துக்கிட்டு வாசல் வரைக்கும் போனவங்க, செருப்பு மாட்டுற பெஞ்சுல உக்காந்துட்டாங்க. மூச்சு வாங்குது. உதடெல்லாம் வெளுத்துப் போச்சு. "என்னத்தை?"ன்னா, "வெயில் லா"ன்னாங்க. அத்தை காடியில ஏறினதும் சீனக்கா என் கையப் புடிச்சு ஓரமா இழுத்து, "வெயிலும் இல்ல, மண்ணும் இல்ல. நெஞ்சுல கோளாறு. ஆப்பரேஷன் பண்ணணும்னு டாக்டரு சொல்லிட்டாரு. பொழைக்கறது பாதிக்குப் பாதிதானாம். இவ நாளத் தள்ளிக்கிட்டே போறா"ன்னு சொல்லிட்டாங்க.

நேரா காடி ஜன்னல்கிட்ட போயி அழ ஆரம்பிச்சுட்டேன். அத்தை முதல்ல சீனக்காவத் திட்டினாங்க, அப்புறம் என்னைத் திட்டினாங்க, அதுக்கப்புறம்தான் விஷயத்துக்கு வந்தாங்க.

"உங்கப்பனுக்கு அறுபதாம் கல்யாணம் வருதுல்ல? தாலி கட்டறப்ப மூணாவது முடிச்சுப் போடறது கூடப் பொறந்தவதான். உங்கம்மா கழுத்துல அன்னிக்கும் நான்தான் போட்டேன். இன்னொருக்காவும் போட்டுட்டு, அப்புறம் போய்ப் படுக்கலாம்னு இருக்கேன். ஆனா தட்டோட வந்து அண்ணன் கூப்புடணும்."

"சொன்னா ஓடி வருவாரு அத்தை!"

"அதான் சொல்லக்கூடாதுங்கறேன். ஐயோ பாவம், நோவாளின்னு வரக்கூடாது. அண்ணனா வரணும். நீ வாயத் தொறந்தே, அந்த முடிச்சும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடுவேன்."

சொன்னா சொன்னதுதான், எங்க அத்தை. வீட்டுல எனக்கு ஓட்டை வாய்னு பேரு. அந்த ஓட்டை வாய மூடிக்கிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அப்பாவப் பாக்கறப்பெல்லாம் தொண்டை வரைக்கும் வரும், முழுங்குவேன். கல்யாண வேலை ஒரு பக்கம் நடக்குது. மூணாவது முடிச்சுக்கு யாருன்னு அம்மா கேட்டா, அப்பா, "பாக்கலாம்"னுட்டு எழுந்து போயிடுவாரு. தட்ட எடுக்கற மாதிரி தெரியல.

உண்மையச் சொல்லக்கூடாது, சரி. பொய் சொல்லக்கூடாதுன்னு யாரும் சொல்லலையே!

எங்க அப்பாவுக்கு ஒரு பெருமை உண்டு. கெடாவுல அவருக்குத் தெரியாத ரோடு கிடையாது. போன்ல வழி சொல்ற பொம்பளைக் குரலக் கேட்டாலே அவரு மூஞ்சியில எள்ளும் கொள்ளும் வெடிக்கும். ஒரு நாள் காலையில பசியாறிக்கிட்டு இருந்தப்ப, தோசையப் பாத்துக்கிட்டே மெதுவா எடுத்துவிட்டேன். "அப்பா, அத்தை என்ன சொல்றாங்க தெரியுமா? அண்ணனுக்கு லூனாஸுக்கு வழியே மறந்து போச்சாம். போன்ல இருக்கற பொம்பள கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தாத்தான் உண்டாம்."

அப்பா தோசைய அப்படியே வெச்சாரு. "யாருக்கு? எனக்கா? நான் பொறந்த எடத்துக்கு எனக்கு வழி தெரியாதா? எங்க அந்தத் தட்டு?"ன்னு எழுந்துட்டாரு பாருங்க! அம்மா என் பக்கம் பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சாங்க.

அலோர் ஸ்டார் தாண்டி, குருண் தாண்டி, நெஞ்ச நிமித்திக்கிட்டுத்தான் ஓட்டினாரு. லூனாஸுக்குள்ள நுழைஞ்சதும் வந்துச்சு வினை. அத்தை வீட்டுப் பக்கம் புதுசு புதுசா தாமான்னு குடியிருப்பெல்லாம் கட்டி, ரோட்டையெல்லாம் திருப்பி விட்டிருக்காங்க. ஒரே ரவுண்டானாவ சுத்தி சுத்தி வர்றோம். நான் போன எடுத்தேன். "உள்ள வை!"ன்னு ஒரு சத்தம். கடைசியில காடிய நிறுத்தி, மோட்டார் சைக்கிள்ல நின்ன ஒரு மலாய்ப் பையன்கிட்ட வெக்கத்த விட்டுக் கேட்டாரு. தெருப் பேரு கூடச் சொல்லி முடிக்கல, "சும்மா சும்மா சாப்பாடு குடுப்பாங்களே, அந்த அக்கா வீடா?"ன்னு கேட்டுட்டு, வீட்டு வாசல் வரைக்கும் முன்னாடி ஓட்டிக்கிட்டே வந்து விட்டுட்டுப் போனான்.

அத்தை கம்பிக் கதவுக்குப் பின்னாடி நிக்கறாங்க. சாவி கையிலதான் இருக்கு. தொறக்கல. அப்பா தட்ட ரெண்டு கையிலயும் புடிச்சுக்கிட்டு வெயில்ல நிக்கறாரு. நெத்தியிலேர்ந்து வேர்வை வெத்தலை மேல சொட்டுது. நானும் அம்மாவும் அவருக்குப் பின்னாடி நிக்கறோம். ஒரு லாரி போச்சு, ஒரு நாய் வந்து எங்கள மோந்து பாத்துட்டுப் போச்சு.

அப்பா தொண்டையச் செருமினாரு. "என் தங்கச்சி இருக்காளா?"

"எதுக்கு?"

"ஒரு கல்யாணம். அழைக்க வந்திருக்கேன்."

"யாருக்குக் கல்யாணம்?"

"எனக்குத்தான்."

"இந்த வயசுலயா! பொண்ணு யாரு?"

"அதே பொண்ணுதான். இதோ நிக்கறா."

"நான் இன்னும் சம்மதிக்கல"ன்னாங்க அம்மா.

அத்தை சிரிச்சுட்டாங்க. சிரிச்சதுல சாவி கீழ விழுந்து, அதக் குனிஞ்சு எடுக்கறதுக்குள்ள அவங்களுக்கு மூச்சு வாங்கிடுச்சு. கதவு தொறந்துச்சு. அத்தை தட்ட வாங்கினாங்க. அப்பா தட்டுக்கு அடியில ஒரு கைய விடாமப் புடிச்சுக்கிட்டாரு. "நீ வந்துதாம்மா முடிச்சுப் போடணும். எனக்கு வேற யாரு இருக்கா?"ன்னாரு. அத்தை முந்தானையால மூஞ்சியத் துடைச்சுக்கிட்டு, "வேர்வை லா"ன்னாங்க. அன்னிக்கு எங்களுக்குப் போட்ட சாப்பாட்டுல அப்பா காடிக்கு நடக்கவே கஷ்டப்பட்டாரு.

அறுபதாம் கல்யாணத்துல அத்தைதான் மூணாவது முடிச்சப் போட்டாங்க. ரெண்டு முடிச்சு போட்டுட்டு அப்பா நகராம நிக்க, "தள்ளு அண்ணே, உனக்கு எப்பவும் அவசரம் பத்தாது"ன்னு இடிச்சுத் தள்ளிட்டுப் போட்டாங்க. "கழுத்த நெரிச்சுக் கொல்லப் பாக்கறா!"ன்னு அம்மா கத்தினாங்க. ஐயருக்கே சிரிப்பு வந்துடுச்சு.

அடுத்த மாசம் பினாங்குல ஆப்பரேஷன். உள்ள தள்ளிக்கிட்டுப் போறப்பகூட, கஞ்சியில இஞ்சி போடணும்னு நர்ஸுக்குப் பாடம் எடுத்துக்கிட்டேதான் போனாங்க. எங்க அத்தை திரும்பி வரல. செத்துட்டாங்க. இத வேற எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. எல்லாரு வீட்டு நோவையும் பாத்த பொம்பளைய எங்களால ஒரு வாரம்கூடப் பாத்துக்க முடியாமப் போச்சு. அந்தக் கோவம் எனக்கு இன்னும் போகல.

காரியமெல்லாம் முடிஞ்சு, நானும் அப்பாவும் மட்டும் ஜித்ராவுக்குத் திரும்பிக்கிட்டு இருந்தோம். குருண்ல காடிய நிறுத்தி டீ வாங்கினோம். என்னால அடக்க முடியல. அத்தைக்கு நோவுன்னு எனக்கு முன்னாடியே தெரியும்னு ஆரம்பிச்சேன்.

"எனக்கும் தெரியும்"னாரு அப்பா. "நான் கம்பளிக்குள்ள கெடந்தேன்ல, அவ ரசத்தச் சூடு பண்ண உள்ள போனா. சீனக்கா என் காதுகிட்ட வந்து எல்லாத்தையும் சொல்லிட்டா."

"அப்பவே ஏன்ப்பா தட்டத் தூக்கிட்டுப் போகல?"

"போனா பாவம் பாத்து வந்தேன்னு கதவச் சாத்தியிருப்பா. அவளத் தெரியாதா எனக்கு? நீ ஏதாவது கோள் மூட்டி என்னக் கெளப்பி விடுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீயும் ஆடி அசைஞ்சுதான் கெளப்புன."

அவரு டீ ஆறிப் போச்சு, குடிக்கல.

"பாவம் பாத்துதான்டி போனேன்"னாரு. "கூடப் பொறந்தவள நெனச்சுப் பாவப்படாம, அண்ணன்னு வேற எதுக்கு இருக்கேன்? அது வேற, இது வேறன்னு நெனச்சுட்டாளே, மடச்சி." மூக்க உறிஞ்சிக்கிட்டு, காடிக் கதவத் தொறந்தாரு. தொறந்துட்டுத் திரும்பி, "அத்தைகிட்ட சொல்லிடாதே"ன்னாரு.

"சொல்ல மாட்டேன்ப்பா"ன்னேன்.